நண்பரின் லேத் பட்டறையில் மலைச் சைக்கிள் ஃபிரேம் செய்ய முடியுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும். கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 92 கிலோ. கடையில் கிடைக்கிற ஆகப் பெரிய மலைச் சைக்கிளிலும் கூனிக் குறுகித்தான் உட்கார முடிகிறது. நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே டிக் வெல்டிங் மிஷினும் உண்டு. ஸ்டீல் குழாய் வாங்கித் தன் உடம்புக்கு அளவெடுத்து ஒரு ஹார்டுடெயில் ஃபிரேம், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேம், செய்துகொள்ள முடியுமா? எந்த ஸ்டீல் வாங்குவது? குழாயையே உருக்கி ஒட்டுகிற வெல்டிங் நல்லதா, பித்தளை போன்ற ஒட்டை மட்டும் உருக்கி ஒட்டுகிற பிரேசிங் நல்லதா? கேள்வி மூன்றுதான். ஆனால் இரண்டு முறை படித்த பிறகு, நான்காவதாக ஒன்றையும் அவர் கேட்காமல் கேட்டிருப்பதாகப் பட்டது: நாங்களே செய்தது இறக்கத்தில் உடைந்து என் பல்லைப் பெயர்த்துவிடாதே? எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. மற்ற மூன்றுக்குமான பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுவது நியாயம். கோவையில் ஒரு டூல் ரூமில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து அரம் பிடிக்கக் கற்றவன். இப்போது இங்கிலாந்தில், ஷெஃபீல்டு பக்கம் வேலை. வார இறுதிகளில் கொல்லையில் உள்ள ஷெட்டில் ஃபிரேம் செய்கிறேன். 11 ஆண்டுகளில் 37 ஃபிரேம். பின் சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேம் ஒன்றுகூடச் செய்ததில்லை, கேட்டு வந்தவர்களையும் வேறு ஆளிடம் அனுப்பிவிட்டேன். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஹார்டுடெயிலுக்கு மட்டும்.

சரி, எந்த ஸ்டீல் என்பதிலிருந்து தொடங்கலாம். இதில்தான் ஆட்கள் தேவையில்லாமல் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மலிவான மைல்டு ஸ்டீல், 4130 குரோம்மாலி, ரெனால்ட்ஸ் கம்பெனியின் 853 என்று எதை எடுத்தாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே விட்டம், ஒரே கனம் (சுவரின் தடிமன்) உள்ள இரண்டு குழாய்களை வைஸில் கட்டி நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். வேறுபடுவது வலு. எடையை ஏற்றிக்கொண்டே போனால் மைல்டு ஸ்டீல் ஒரு கட்டத்தில் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். குரோம்மாலி இன்னும் வெகுதூரம் தாக்குப்பிடித்துப் பழைய நிலைக்குத் திரும்பும். வலு கூடினால் குழாயை மெல்லியதாக்கலாம், லாபம் அவ்வளவுதான். 4130 என்ற எண்ணில் 41 என்பது குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த குடும்பம், 30 என்பது சுமார் 0.30 சதவீதக் கார்பன். மந்திரம் ஏதும் இல்லை.

அப்படியானால் ஃபிரேம் விறைப்பாக இருக்குமா, இளக்கமாக இருக்குமா என்பதைக் குழாயின் விட்டம்தான் தீர்மானிக்கிறது. மெல்லிய குழாயில் எடை விட்டத்துக்கு நேராகக் கூடும், விறைப்போ விட்டத்தின் முப்படிக்குக் கூடும், அதாவது விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரு கணக்குப் பாருங்கள். 31.8 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. கனமுள்ள குழாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 38.1 மி.மீ. விட்டம், 0.6 மி.மீ. கனமுள்ள குழாயை வைத்தால், விறைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுகிறது, எடை 10 சதவீதம் குறைகிறது. அப்படியே விட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போகலாமே என்றால் முடியாது. கனத்தோடு ஒப்பிட விட்டம் ரொம்பப் பெரிதாகிவிட்டால் குழாய் கூல்டிரிங்ஸ் டின் போல நடந்துகொள்ளும், ஒரு கல் தெறித்தாலே குழி விழும். அளவெடுத்துச் செய்கிற ஃபிரேமில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்தத் தேர்வைத்தான். கம்பெனிக்காரர் 65 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் பெரும்பாலும் ஒரே விட்டத்தில்தான் குழாய் போடுகிறார். உங்களுக்கு என்றால் கீழ்க் குழாயை, அதாவது ஹேண்டில் பக்கமிருந்து பெடல் பக்கம் இறங்குகிற குழாயை, 38.1 மி.மீ.க்குக் குறைத்துப் போடமாட்டேன்.

குழாயின் கனம் நீளம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. சூடும் அழுத்தமும் படுகிற முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுத்த குழாயைப் பட்டட் டியூப் என்பார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. அதே ஆட்கள்தான் 1935இல் 531 குழாயைக் கொண்டுவந்து அரை நூற்றாண்டுக்குப் பந்தயச் சைக்கிள்களில் கோலோச்சினார்கள். இன்று மலைச் சைக்கிளில் வழக்கமாகப் பார்ப்பது 0.9, 0.6, 0.9 அல்லது 0.8, 0.5, 0.8 மி.மீ. ஆனால் முதல் ஃபிரேமுக்கு இதெல்லாம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விமானக் கட்டுமானத்துக்கென விற்கிற 0.035 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ. கனமுள்ள நேரான 4130 குழாயே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால் முன் மூன்று குழாய்களிலும் சேர்த்துக் கூடுதல் எடை கால் கிலோதான். 92 கிலோ உடம்போடு மலை ஏறுகிறவருக்குக் கால் கிலோ ஒரு பொருட்டா? நேரான குழாயில் எங்கே வெட்டினாலும் கனம் அதேதான் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று என் முதல் ஃபிரேம் கதையைக் கேட்டால் புரியும்.

அந்த ஃபிரேமுக்கு ஆசைப்பட்டுப் பட்டட் குழாய்தான் வாங்கினேன். அதில் கனமான பகுதி ஒரு முனையில் நீளமாகவும் மறுமுனையில் குட்டையாகவும் இருக்கும். நீளமான முனையைத்தான் நறுக்கிச் சரிசெய்ய வேண்டும். நான் அவசரத்தில் மறுமுனையை வெட்டினேன். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாதே. கனமான பகுதி ஹெட் டியூப், அதாவது ஹேண்டில் திரும்புகிற முன் குழாய், வெல்டைத் தாண்டிச் சில மில்லிமீட்டரிலேயே முடிந்துபோனது. 14 மாதம் ஓடியது. ஒருநாள் கழுவும்போது கீழ்க் குழாயின் அடியில், வெல்டுக்குச் சற்றுப் பின்னால், பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு கோடு. நகத்தால் கீறினேன், போகவில்லை. கோட்டின் ஓரத்தில் காவி நிறத்தில் துரு கசிந்திருந்தது. இன்னும் நாலு இறக்கம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க விரும்பவில்லை. ஸ்டீல் பொதுவாக இப்படி முன்கூட்டியே சொல்லிவிடும், ஒடிவதற்கு முன் விரியும். ஆனால் பார்க்கிறவன் பார்த்தால்தான்.

உள்ளூர்க் குழாய் பற்றி ஒரு வார்த்தை. அம்பத்தூரில் 70 ஆண்டுக்கு மேலாகச் சைக்கிள் செய்கிறார்கள், குழாயும் ஸ்டீலும் நம்மூருக்குப் புதிதல்ல. ஆனால் ஹார்டுவேர் கடையில் ‘சைக்கிள் பைப்’ என்று கொடுப்பது பெரும்பாலும் தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்த மைல்டு ஸ்டீல். பழகுவதற்கு அதுவே சிறந்தது, கிலோக் கணக்கில் வாங்கி வெட்டித் தள்ளுங்கள். மலையில் ஓட்டுகிற ஃபிரேமுக்கு வேண்டாம். 4130 வாங்கும்போது டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். அது இல்லாமல் “அதே சரக்குதான் சார்” என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

வெல்டிங்கா பிரேசிங்கா என்பதற்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் கதை தேவை. நம்மூர்ப் பார் சைக்கிளில் ஹெட்டுக்குப் பக்கத்தில் குழாய்கள் ஒரு காது வைத்த உறைக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு லக் என்று பெயர். குழாயை அதில் செருகிப் பித்தளையை உருக்கி உள்ளே ஓடவிடுவார்கள். லக்கின் தொல்லை, அதன் விட்டமும் கோணமும் வார்க்கும்போதே முடிவாகிவிடுகின்றன. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டமல்பைஸ் மலைப் பக்கம், ஒரு கூட்டம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்துத் தடித்த ஷ்வின் கம்பெனிச் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. 1976 அக்டோபரில் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பில் உள்ள பிரேக் சூடேறி கிரீஸ் புகையாகிப் போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் வந்த பெயர். பழைய ஃபிரேம்கள் வளைந்தும் உடைந்தும் போகவே, சார்லி கெல்லி என்பவர் ஜோ பிரீஸிடம் புதிதாக ஒன்று செய்து தரச் சொன்னார். பிரீஸ் ஏற்கெனவே சாலைச் சைக்கிள் ஃபிரேம் செய்தவர். 1977இல் அவர் குரோம்மாலியில் செய்ததுதான் மலைக்கென்றே அடியிலிருந்து செய்யப்பட்ட முதல் சைக்கிள்களில் ஒன்று, பலர் கணக்கில் அதுவே முதலாவது. ஹெட்டிலிருந்து பின் சக்கரம் வரை இரண்டு மெல்லிய குழாய்களைக் கூடுதலாக ஓடவிட்டிருந்தார், உடைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். மொத்தம் பத்து செய்தார். முதலாவது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்து வந்த டாம் ரிட்சி லக்கையே தூக்கிப்போட்டார். குழாயோடு குழாயை நேராக வைத்து, மூட்டைச் சுற்றிப் பித்தளையை உள்வளைவாகக் குவித்து ஒட்டினார். ஃபில்லட் பிரேசிங் என்பது அதுதான். லக் இல்லாததால் எந்த விட்டமும் எந்தக் கோணமும் சாத்தியமாயிற்று. கேள்வி கேட்டவரைப் போன்ற நெட்டையர்களுக்கு அளவெடுத்து ஃபிரேம் செய்ய முடிகிறதென்றால் இந்த விடுதலையும் ஒரு காரணம்.

பிரேசிங்கில் குழாய் உருகுவதில்லை. ஏறக்குறைய 900 டிகிரியில் பித்தளை மட்டும் உருகி ஒட்டுகிறது, வெள்ளி கலந்த ஒட்டு என்றால் 650 டிகிரியிலேயே ஓடும். நகைப் பட்டறையில் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம், இங்கேயும் பித்தளை ஒட்டுக்கான ஃபிளக்ஸில் வெங்காரம்தான் பிரதானம். டிக்கில் குழாயே உருக வேண்டும், 1,400 டிகிரிக்கு மேல். எது வலுவானது என்று கேட்டால், ஒழுங்காகச் செய்தால் இரண்டுமே குழாயைவிட நீடிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எது சுலபம் என்றால் முதல் ஃபிரேமுக்குப் பிரேசிங்தான். கை மெதுவாகப் போகலாம், தப்பினால் மறுபடி சூடாக்கித் திருத்தலாம். உங்கள் நண்பர் டிக்கில் கை தேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் ரெயிலிங்கும் 3 மி.மீ. தகடும் அடிக்கிற கை 0.9 மி.மீ. குழாயில் முதல் நாளே ஓட்டை போடும். 1.6 மி.மீ. டங்ஸ்டன் முனை, 40 முதல் 60 ஆம்பியர், கால் பெடலில் ஆம்பியரை ஏற்றி இறக்குகிற வசதி, இது மூன்றும் வேண்டும். வாரம் இரண்டு மாலை என்று இரண்டு மாதம் துண்டுக் குழாய்களை ஒட்டி, குறுக்கே அறுத்து உள்ளே பார்த்துப் பழகினால் வந்துவிடும். வெள்ளி ஒட்டு வாங்குவதானால் காட்மியம் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காட்மியம் புகை நுரையீரலை ஒரே நாளில் கெடுக்கக்கூடியது.

இத்தனைக்கும் ஒட்டுவது மொத்த வேலையில் சிறு பங்குதான். ஒரு ஃபிரேம் எனக்கு 40 மணி நேரம் பிடிக்கும், அதில் ஜோதி எரிவது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் வரைவதும் அராவுவதும் அளப்பதும். உடையுமா உடையாதா என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

வரைபடத்தைப் பேப்பரில் பாதி அளவில் போடாதீர்கள். ஒரு பிளைவுட் பலகையில் முழு அளவில் வரையுங்கள். அதற்கு முன், முன் சக்கரத்தைப் பிடிக்கிற சஸ்பென்ஷன் ஃபோர்க்கு எது என்று முடிவாகிவிட வேண்டும். சக்கரத்தின் ஆக்ஸிலிலிருந்து ஃபோர்க்கின் தோளான கிரவுன் வரை அதன் நீளம் 20 மி.மீ. மாறினால் ஹெட் ஆங்கிள், அதாவது ஹெட் டியூப் தரையோடு சாய்ந்து நிற்கிற கோணம், ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடும். ஹார்டுடெயிலில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும் அமுங்கும். 130 மி.மீ. ஃபோர்க்கு ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் 26 மி.மீ., அதனால் ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் நிமிரும், பெடல் அச்சு உட்காரும் பி.பி.யும் (பாட்டம் பிராக்கெட்) 8 மி.மீ. போல இறங்கும். பலகையில் 65 டிகிரி என்று வரைந்தால் ஓட்டும்போது 66. இதை மறந்து வரைந்துவிட்டு, பெடல் கல்லில் இடிக்கிறது என்று வந்தவர்கள் உண்டு. உங்கள் முதுகு வலிக்கு விடை ரீச், ஸ்டாக் என்ற இரண்டு எண்களில் இருக்கிறது. பி.பி.யிலிருந்து ஹெட் டியூபின் தலை எவ்வளவு முன்னால், எவ்வளவு மேலே என்பவை அவை. உங்கள் உயரத்துக்கு ரீச் 490, ஸ்டாக் 650 மி.மீ. வாக்கில் தொடங்குவேன். ஆனால் கை நீளமும் இடுப்பின் வளைவும் பார்க்காமல் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போதுள்ள சைக்கிளை அளந்து, ஹேண்டில்பாரை உயர்த்தியும் அதைப் பிடிக்கிற ஸ்டெம்மை மாற்றியும் எங்கே வலி குறைகிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள். அப்புறம், ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபோர்க்கின் கிரவுனும் அதன் மேல் உள்ள திருகுகளும் கீழ்க் குழாயில் இடிக்காதா என்றும் பலகையிலேயே பாருங்கள். ஹெட் டியூப் உள்விட்டம் 44 மி.மீ. எடுத்தால் அடியில் வெளியே நிற்கிற கப்பு வரும், அதில் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பி.பி.க்குப் பின்னால் உள்ள உள்ளங்கை அகல இடம்தான் மலைச் சைக்கிளிலேயே கஷ்டமான இடம். 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அங்குல டயர் போட்டால் அதன் ஆரம் ஏறக்குறைய 369 மி.மீ. செயின் ஸ்டே, அதாவது பி.பி.யிலிருந்து பின் ஆக்ஸில் வரை போகிற குழாய், 430 என்று வைத்துக்கொண்டால், டயரின் நுனி பி.பி. மையத்திலிருந்து 61 மி.மீ. பின்னால் வந்து நிற்கிறது. பெடலோடு சுழலும் 32 பல் செயின் ரிங்கின் ஆரமோ 65 மி.மீ. அதாவது பக்கவாட்டில் பார்த்தால் டயரும் ரிங்கும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மேலிருந்து பார்த்தால், டயர் ஓரம் நடுக்கோட்டிலிருந்து 30 மி.மீ., சேறு விழுந்து போக 6 மி.மீ. விட்டால் 36. ரிங்கின் பல் 52 மி.மீ.க்குப் பக்கத்தில் ஓடுகிறது. இந்த 16 மி.மீ. சந்துக்குள் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு ஒரு குழாய் போக வேண்டும், அது உங்கள் மிதியின் முழு பலத்தையும் தாங்க வேண்டும். குழாயை வைஸில் வைத்து நசுக்கி முட்டை வடிவமாக்குவார்கள், வளைப்பார்கள். சிலர் அந்த இடத்தில் குழாயே இல்லாமல் கெட்டியான ஸ்டீல் தகட்டை வெட்டி வைப்பார்கள். நான் உங்களுக்குச் சொல்வது, செயின் ஸ்டேயை 440 ஆக்குங்கள். பத்து மில்லிமீட்டரில் பாதித் தலைவலி போய்விடும், உங்கள் உயரத்துக்கு அந்த நீளம் பொருத்தமும்கூட.

இனி அரம். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்டையில் போய் உட்கார வேண்டுமென்றால், அந்த முனையை வாய் பிளந்தது போல வளைவாக வெட்ட வேண்டும். ஃபிரேம்காரர்கள் இதை மைட்டர் என்பார்கள். லேத்திலோ மில்லிங்கிலோ சரியான விட்டமுள்ள ஹோல் சா மாட்டி வெட்டலாம், அல்லது கம்ப்யூட்டரில் அச்சிட்ட தாள் அச்சைக் குழாயில் சுற்றிக் கோடு போட்டு ஆக்ஸா பிளேடும் அரை வட்ட அரமும் கொண்டு செய்யலாம். எப்படி வெட்டினாலும் கடைசி அரை மில்லிமீட்டர் கையால்தான். குழாயை வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடத்துக்கு எதிரே உள்ள மேட்டை அரத்தால் இரண்டு தள்ளு, மறுபடி வைத்துப் பார்ப்பது. ஒரு கீழ்க் குழாய்க்கு ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும், அதுவும் ஒரு முனை முடிந்து மறுமுனைக்கு வரும்போது கோணம் பிசகாமலும் நீளம் குறையாமலும் இருக்க வேண்டும். ஒரு தாள் நுழையாத அளவுக்கு உட்கார்ந்தால் போதும் என்பது என் கணக்கு. இடைவெளி இருந்தால் வெல்டால் நிரப்பிவிடலாமே என்று உங்கள் நண்பர் சொல்வார். நிரப்பலாம். ஆனால் நிரப்பிய உலோகம் ஆறும்போது சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். இடைவெளி எந்தப் பக்கமோ ஃபிரேம் அந்தப் பக்கம் கோணும், அதே இடத்தில்தான் பின்னாளில் விரிசலும் ஆரம்பிக்கும்.

குழாய்களை அந்தந்த இடத்தில் பிடித்துவைக்கிற சட்டமான ஜிக்கை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நல்ல சர்ஃபேஸ் பிளேட், வி-பிளாக், அலுமினியம் டி-ஸ்லாட் கட்டைகள் இருந்தால் லேத் பட்டறையிலேயே ஒன்றைச் செய்துவிடலாம். ஜிக் குழாய்களைப் பிடித்துக்கொள்ளத்தான், சூட்டில் கோணுவதை அது தடுக்காது. நாலு இடத்தில் டேக், அதாவது சின்னப் பொட்டு ஒட்டு, வைத்துவிட்டு ஜிக்கிலிருந்து எடுத்து, சர்ஃபேஸ் பிளேட்டில் ஹைட் கேஜால் அளந்து, கையால் நிமிர்த்திய பிறகுதான் முழுதாக ஒட்ட வேண்டும். ஒட்டும்போதும் இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். என் மூன்றாவது ஃபிரேமில் கை நன்றாக ஓடுகிற சந்தோஷத்தில் வலது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தேன். ஆறிய பிறகு பார்த்தால் பின் சக்கரம் 4 மி.மீ. வலப்பக்கம். அறுத்துப் போட்டுவிட்டேன், அந்தத் துண்டு இன்னும் ஷெட் சுவரில் தொங்குகிறது.

இன்னொன்று, மூச்சுத் துளை. ஒவ்வொரு குழாயும் ஒட்டுகிற நேரத்தில் ஏதாவது ஒரு வழியாக வெளிக்காற்றைத் தொட வேண்டும். இரண்டு முனையும் அடைபட்ட குழாயைச் சூடாக்கினால் உள்ளே விரிகிற காற்று கடைசி இடைவெளி வழியாக உருகிய உலோகத்தைத் துப்பும். டிக் என்றால் வெல்டுக் கோட்டின் கடைசி முனையில் எத்தனை முறை அடைத்தாலும் ஊசித் துளை விழுந்துகொண்டே இருக்கும். பித்தளை என்றால் முகத்தில் தெறிக்கும். எனக்குத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெட் டியூபிலும் பி.பி. ஷெல்லிலும் குழாய் வந்து உட்காரும் இடத்துக்கு உள்ளேயே 5, 6 மி.மீ. துளை போட்டுவிட்டால் வெளியே தெரியாது, பின்னாளில் துருத் தடுப்பு எண்ணெயும் அதன் வழியாகவே போகும்.

ஒட்டி முடித்ததும் ஹெட் டியூப் வட்டம் கெட்டிருக்கும், ரீமர் விட்டு இரு முகத்தையும் சமமாக்க வேண்டும். பி.பி.க்கு 73 மி.மீ. அகலமுள்ள பழைய மரை வகையையே வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் கெட்ட மரையைச் சரிசெய்ய மறுபடி டேப் (மரை வெட்டும் கருவி) விட வேண்டும். வலது பக்கம் இடது மரை என்பதை ஷெல்லை ஒட்டுவதற்கு முன்பே ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். அனுபவசாலிகளே இங்கே சறுக்கியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை என் கையால் செய்து பார்த்தவை. இனி சொல்வதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லாதவையும் உண்டு. ஸ்டீல் ஃபிரேமுக்கு ஒரு தனிச் சுகம், அதிர்வை உறிஞ்சிவிடும் என்று அடித்துச் சொல்வார்கள். சைக்கிள் ஃபிரேம் இரண்டு முக்கோணம், மேலிருந்து கீழாக அது அமுங்குவது மிகக் கொஞ்சம். டயர் அதைப்போல் பல மடங்கு அமுங்குகிறது. காற்றை 2 பி.எஸ்.ஐ. குறைத்தால் கிடைக்கிற வித்தியாசத்தை ஸ்டீலின் பெயரை மாற்றிப் பெற முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் பக்கவாட்டில் முறுக்குவது உண்மை, மெல்லிய விட்டத்தில் செய்த ஃபிரேம் கல் பாதையில் கொஞ்சம் இழைந்து போவதாக எனக்கும் தோன்றியிருக்கிறது. தோற்றமா உண்மையா என்று பந்தயம் கட்ட மாட்டேன். அதேபோல ‘ஸ்டீல் ஆயுசுக்கும் வரும்’ என்பதும் பாதி உண்மை. ஒரு அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் ஸ்டீல் களைக்காது, அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. இது பாடப்புத்தக உண்மை. ஆனால் வெல்டின் ஓரத்தில் உள்ள சிறு பள்ளமும் உள்ளே பிடிக்கிற துருவும் அந்த எல்லையைக் கீழே இறக்கிக்கொண்டே போகும்.

அப்படியானால் பல் தப்புமா? கம்பெனி ஃபிரேம்களை ஐ.எஸ்.ஓ. 4210 என்ற தரநிலைப்படி சோதிக்கிறார்கள். அதில் மலைச் சைக்கிளுக்கான ஒரு சோதனை, பெடல்களில் மாற்றி மாற்றி 1,200 நியூட்டன், அதாவது 120 கிலோ போல, ஒரு லட்சம் முறை. நம் ஷெட்டில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. ஒன்றே ஒன்று செய்கிறவன் சோதனைக்கென இன்னொன்றை உடைக்கவும் முடியாது. அதற்கு ஈடாக நம்மிடம் இருப்பது கொஞ்சம் கூடுதல் கனம், மைட்டரில் பொறுமை, பிறகு கண். நேரான 0.9 மி.மீ. 4130, 38.1 கீழ்க் குழாய், 31.8 மேல் குழாய், கீழ்க் குழாய் ஹெட்டைத் தொடும் இடத்துக்கு அடியில் ஒரு சிறு பட்டை வலுவூட்டல், இப்படிச் செய்தால் உங்கள் எடைக்கு நான் தைரியமாக ஏறி உட்காருவேன். உயரத்திலிருந்து குதித்து இறங்குகிற வகை ஓட்டுதலுக்கு மட்டும் முதல் ஃபிரேமை நம்பாதீர்கள்.

பெயின்ட்டுக்குக் கோவையில் பவுடர் கோட்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கொடுப்பதற்கு முன் பிரேசிங் ஃபிளக்ஸை வெந்நீரில் ஊறவைத்து முழுக்க எடுத்துவிடுங்கள், கண்ணாடி போல ஒட்டியிருக்கும் அது பெயின்ட்டுக்கு அடியில் இருந்தால் ஆறே மாதத்தில் கொப்புளிக்கும். மரைகளையும் ஹெட் டியூப் வாயையும் அடைத்துக் கொடுங்கள், மணல் வீசும்போது மெல்லிய குழாயின் மேல் கடுமையாக வீச வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்ததும் உள்ளே ஆளி விதை எண்ணெய் ஊற்றி எல்லாக் குழாய்க்கும் போகும்படி புரட்டி, வடித்து, ஒரு வாரம் காயவிடுங்கள். அடர்ந்த நிறம் வேண்டாம், வெளிர் நிறம் கேளுங்கள், முடி போன்ற கோடு அதில்தான் கண்ணில் படும். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை துடைத்து, ஹெட்டுக்குப் பின்னால் அடிப்பக்கம், சீட்டுக் குழாயும் மேல் குழாயும் சேரும் இடம், இடது பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டும் இடம், பி.பி.க்குப் பின்னால் நசுக்கிய இடம் ஆகிய நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோர்க்கு எது என்று முடிவானதும் அதன் நீளத்தையும் பலகையில் வரைந்த படத்தையும் இங்கேயே போடுங்கள், குழாயில் பிளேடு வைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.